ஆன்மாவை ஈடு வைத்தது ஆர்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தவக்கால மாலைப்பொழுது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு குடியிருப்பில், தகரக் கொட்டில் ஒன்றின் முன்னால், பாலைமர நிழலில் விவிலிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். கிறிஸ்து எம்மை மீட்டார் என்பதே அன்றைய பாடம். குருமடத்தில் நாம் படித்தவற்றைக் கூடியவரை இலகுபடுத்திச் சொல்லி முடித்தோம். எவரும் எதுவும் கேட்கவில்லை. செபம் சொல்லி முடிப்போம் என்று எழுந்தபோது, பின்வரிசையில் குந்தியிருந்த கமக்காரர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், மெல்லக் கேட்டார்:

"சுவாமி, ஒண்டு கேக்கலாமோ? பெஞ்சாதியின்ர தாலிக்கொடியை ஈடு வைச்சு விதைநெல்லு வாங்கினனான். சூடடிச்சு நெல்லு வித்து, வட்டியும் முதலும் கட்டி அதை மீட்டனான். அந்த மீட்பு எனக்கு விளங்குது. ஆனா, என்ர ஆன்மாவை ஆர் ஈடு வைச்சது? ஆரிட்டை வைச்சது?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பதில்தான் வரவில்லை. "அடுத்த கிழமை சொல்லுறன் ஐயா" என்று கூறிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்பு வாசகர்களே, இந்தப் பக்கங்களில் வழக்கமாக விதை, உரம், கடன், குளத்து நீர் என்று எழுதிவருகிறோம். இம்முறை சில சொற்களைப் பற்றி எழுதுகிறோம். விலகிப் போகிறோம் என்று எண்ணவேண்டாம். பீடத்தில் நின்று நாம் ஓதுகின்ற பெரிய சொற்களுட் பல, வயலிலும் களத்துமேட்டிலும் காணி வழக்கிலும் பிறந்தவை. நாம்தாம் அவற்றைக் கழுவித் துடைத்துக் கோவிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

முதலில் அந்த ஐயாவின் கேள்வி. அது சிறுபிள்ளைக் கேள்வி அல்ல. திருச்சபையின் தந்தையரே இதைக் கேட்டுத் தம்முள் வாதிட்டிருக்கிறார்கள். மீட்பின் விலை அலகைக்குக் கொடுக்கப்பட்டது என்று சிலர் விளக்கம் எழுதினார்கள். 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார். கொள்ளையடித்தவனுக்கு விலை கொடுப்பதா என்று அவர் கொதித்தார். ஆகவே, பாலைமரத்தடியில் குந்தியிருந்த எமது கமக்காரர் நல்ல கூட்டத்தோடுதான் சேர்ந்திருந்தார்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் மீட்பர் என்பதற்குரிய சொற்களுள் முக்கியமானது 'கோயேல்' என்பது. இது கோவிற் சொல் அல்ல, குடும்பச் சொல். மிக நெருங்கிய இரத்த உறவினன் என்பதே அதன் பொருள். ஒருவன் வறுமைப்பட்டுத் தன் காணியை விற்க நேர்ந்தால், அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரம். காணியும் போய், கடனுக்காகத் தன்னையே விற்றுவிட்டால், சகோதரன், சகோதரன் இல்லையேல் தந்தையின் சகோதரன், அவரும் இல்லையேல் அவர் மகன் என்று வரிசையாக ஒருவன் வந்து அவனை மீட்கலாம். அந்த உறவினனுக்குத்தான் கோயேல் என்று பெயர்.

வடபகுதிக் காணி வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதினமல்ல. 1707 இல் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமையில், காணியை விற்க விரும்புபவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்கவேண்டும் என்ற முறை உண்டு. காணி இரத்தத்தை விட்டுப் போகக்கூடாது என்ற கவலை இரண்டிலும் தெரிகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. தேசவழமை உறவினனுக்கு ஓர் உரிமையைக் கொடுக்கிறது. லேவியர் நூல் அவன்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அவன் தன் மடியை அவிழ்த்துக் காசை எடுக்கவேண்டும்.

அந்தக் கடமையைச் செய்தவனையும் செய்யாதவனையும் ஒன்றாகப் பார்க்கவேண்டுமாயின் ரூத்து நூலை வாசியுங்கள். நான்கே அதிகாரங்கள், விளக்கு அணைக்கும் முன் வாசித்து முடிக்கலாம். பெத்லகேமில் பஞ்சம். நகோமி கணவனோடும் இரு ஆண்மக்களோடும் மோவாபு நாட்டுக்கு இடம்பெயர்கிறாள். அங்கே கணவன் சாகிறான். ஏறக்குறையப் பத்து ஆண்டுகளில் மக்களும் சாகிறார்கள். மருமகள் ரூத்தோடு அவள் ஊர் திரும்புகிறபோது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருக்கிறது. கணவனின் காணித்துண்டு ஒன்று உண்டு. அதைக் காப்பாற்ற ஆண்துணை இல்லை. இந்த நிலையில் உள்ள பெண்களை எமது குடியிருப்புகளில் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்கு நகோமியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

போவாசு ஊர்வாசலில் பத்துப் பெரியோரை இருத்தி, தன்னிலும் நெருங்கிய உறவினன் ஒருவனைக் கூப்பிட்டுக் காணியை மீட்பாயா என்று கேட்கிறான். மீட்பேன் என்கிறான் அவன். காணியோடு ரூத்தையும் ஏற்று, இறந்தவன் பெயர் நிலைக்க வழிசெய்ய வேண்டும் என்றதும் பின்வாங்குகிறான். தன் சொத்துக்குக் கேடு வரும் என்கிறான். செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விடுகிறான். போவாசு மீட்கிறான். அந்த முதலாமவனுக்கு நூல் பெயரே கொடுக்கவில்லை. எபிரேயத்தில் 'இன்னான்' என்பதுபோல ஒரு சொல்லால் அழைத்துவிட்டுக் கடந்துபோகிறது. சொத்தைக் காத்தவன் பெயரை இழந்துவிட்டான் என்று எமக்குப் படித்துத் தந்த பேராசிரியர் சொல்வார்.

இந்தச் சொல்லைத்தான் கடவுளுக்குச் சூட்டினார்கள். எகிப்திலிருந்து மக்களை மீட்பேன் என்று மோசேயிடம் ஆண்டவர் சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைச்சொல்லே. பார்வோனுக்கு அவர் ஒரு சதமும் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னர், பாபிலோனில் அகதிகளாக இருந்தவர்களிடம் பேசுகின்ற எசாயா நூலின் பகுதி, ஆண்டவரைத் திரும்பத் திரும்பக் கோயேல் என்றே அழைக்கிறது. ஆக, ஐயாவுக்கு நாம் அடுத்த கிழமை சொன்ன பதில் இதுதான்: உங்கள் ஆன்மாவை ஒருவரும் அடைவுகடையில் வைக்கவில்லை. மீட்பர் என்றால் ஈட்டுக்காரனோடு பேரம் பேசுபவர் அல்லர்; 'இவன் என் இரத்தம், இவன் காணி போனால் அது என் நட்டம்' என்று எழுந்து வருகிற உறவினர். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப காணியும் சேர்த்தோ சுவாமி?" என்று கேட்டார். காணியும் சேர்த்துத்தான்.

மனிதரின் உடலும் நிலமும் வேண்டாம், ஆன்மா மாத்திரம் போதும் என்று மீட்பைச் சுருக்கியது யார், எப்போது என்பது நீண்ட கதை. நாமும் அதற்குப் பங்களித்திருக்கிறோம். இழவு வீட்டிலும் முகாமிலும் 'மறுவுலகில் எல்லாம் கிடைக்கும்' என்று சொல்வது எமக்கு இலகு. உறுதியைத் தேடிக் கச்சேரிக்குக் கூடவே போவதுதான் கடினம்.

கொம்பு ஊதும் ஆண்டு

யூபிலி என்றதும் எம்மவருக்கு நினைவு வருவது குருக்களின் வெள்ளிவிழா, வாழ்த்துமடல், பகற்போசனம். 'யோபேல்' என்பது செம்மறிக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பை ஊதினால், கடனுக்கு அடிமைப்பட்டவர் வீடு திரும்பவேண்டும், கைமாறிய காணி பழைய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்பது சட்டம். அதன்படி எவரும் நிலத்தை விற்பதில்லை. அடுத்த யூபிலி வரையுள்ள விளைச்சல்களின் எண்ணிக்கையைத்தான் விற்கிறார். எத்தனை போகம் மிச்சமோ அதற்கேற்ற விலை. எமது வழக்கில் சொன்னால் குத்தகை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவனுக்கே போய்விடும். கிராமத்து வீடுகளோ வயலோடு சேர்த்து எண்ணப்பட்டன, அவை திரும்பவேண்டும். சட்டம் எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்கள் என்பது இதில் விளங்கும்.

காரணமும் சொல்லப்படுகிறது. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் அவரோடு தங்கியிருக்கும் அந்நியர்.

இந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததாக விவிலியத்தில் ஓரிடத்திலும் இல்லை. இதை மறைத்துப் பிரசங்கம் வைப்பது நேர்மையன்று. எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது பயந்துபோய் அடிமைகளை விடுவித்த செல்வர், ஆபத்து விலகியது போலத் தோன்றியதும் அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள் என்று எரேமியா நூலின் 34 ஆம் அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருப்பதும் ஆள் வயலில் நிற்பதும் ஒன்றல்ல என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள். எமது நாட்டில் ஒருவர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டால் உரித்துக் கோரலாம் என்ற சட்டம் 1871 தொடக்கம் உண்டு. போரினால் வெளியேறியவர்களுக்கு அது கத்தியாயிற்று. 2016 ஆம் ஆண்டின் விசேட சட்டமொன்று, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட வழிசெய்தது. அதை அறிந்து நீதிமன்றம் போனவர்கள் எத்தனை பேர்? எமது வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

யூபிலியோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு சொல் 'நகலா'. தந்தைவழி வந்த உரிமைச்சொத்து, எமது முதுசம். ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை மரக்கறித் தோட்டமாக்கக் கேட்டபோது, அதைவிட நல்ல மாற்றுக் காணி தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்றுதான் சொன்னான். அரசன் கேட்டது அநியாய விலைக்கல்ல. ஆயினும் நாபோத்து மறுத்தான். முதுசத்துக்கு மாற்றுக் கிடையாது. அவனுக்கு நேர்ந்த கதியை நீங்கள் அறிவீர்கள்.

அமைதியும் ஈடும்

'ஷாலோம்' என்பதை நாம் முன்னர் சமாதானம் என்றோம், இப்பொழுது அமைதி என்கிறோம். அமைதி நல்ல தமிழ்ச் சொல். ஆனால் சத்தம் இல்லாமல் இருப்பதையும் அமைதி என்கிறோமே! வகுப்பறையில் ஆசிரியர் பிரம்பைத் தூக்கினாலும் அமைதி வரும்.

எபிரேயச் சொல்லின் வேரில் இருப்பது 'முழுமை'. குறைந்தது நிறைவாக வேண்டும் என்ற பொருள். அதே வேரிலிருந்து வரும் வினைச்சொல் நட்டத்தை ஈடுசெய்தலைக் குறிக்கும். விடுதலைப் பயண நூலின் 22 ஆம் அதிகாரத்தை ஒரு கமக்காரர் வாசிக்கவேண்டும். எம்மைப் போன்ற குருக்களை விட அவருக்கு நன்றாக விளங்கும். மாட்டைத் திருடி அறுத்தவனோ விற்றவனோ ஒன்றுக்கு ஐந்து கொடுக்கவேண்டும், ஆட்டுக்கு நான்கு. ஒருவன் தன் மாட்டை அவிழ்த்துவிட்டு அது மற்றவன் வயலில் மேய்ந்தால், தன் வயலின் சிறந்த விளைச்சலால் ஈடுசெய்ய வேண்டும். பற்றைக்கு வைத்த தீ பரவிச் சூட்டையோ நிற்கும் பயிரையோ எரித்தால், தீ வைத்தவன் ஈடுசெய்ய வேண்டும். இந்த 'ஈடுசெய்தல்' எல்லாம் ஷாலோமின் வேரிலிருந்து வரும் சொல்லே. யோவேல் இறைவாக்கினர் வெட்டுக்கிளி தின்ற ஆண்டுகளைக் கடவுள் ஈடுசெய்வார் என்று சொல்லும்போதும் அதே சொல்தான். தானியத்தை அல்ல, ஆண்டுகளை!

துப்பாக்கிகள் ஓய்ந்தது 2009 மே மாதத்தில். அதன்பின் அமைதி வந்துவிட்டது என்று எமக்குப் பலரும் சொன்னார்கள். சத்தம் நின்றதற்காக நாமும் கடவுளுக்கு நன்றி சொன்னோம். பிள்ளைகளைப் பதுங்குகுழியில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆயினும், எரிந்த சூட்டுக்கும் இல்லாமற்போன ஆண்டுகளுக்கும் கணக்குப் பார்க்காத இடத்தில் எபிரேயர் ஷாலோம் என்ற சொல்லைப் பாவித்திருப்பார்களோ என்பது எமக்குச் சந்தேகம்.

எமக்குச் சுடும் சொல்

அடுத்த சொல்லை எழுதும்போது எமக்கே கூச்சமாக இருக்கிறது. பங்கு என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பாகம் என்று பொருள். ஆனால் திருச்சபை தொடக்கத்தில் இதற்குப் பாவித்த கிரேக்கச் சொல் 'பரோய்க்கியா'. சொந்த உரிமையின்றி ஒரு வீட்டுக்கு அருகே, ஓர் ஊரின் ஓரத்தே, வந்து குடியிருத்தல் என்பது அதன் பொருள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்கைக் குறிக்கும் சொற்கள் இதிலிருந்தே வந்தன. பேதுருவின் முதலாம் திருமுகம் விசுவாசிகளை அப்படித்தான் அழைக்கிறது. எமது ஊர்ப்பேச்சில் கூறுவதாயின், பங்கு என்றால் வரத்தார் கூட்டம்.

அப்படிப்பட்ட பங்கில்தான் இடம்பெயர்ந்து வந்தவர்களை 'வந்தான் வரத்தான்' என்கிறோம். நாம் பணியாற்றிய ஓரிடத்தில், 12 ஆண்டு ஒரே கோவிலில் திருப்பலி கண்ட குடும்பங்களுக்கு அருட்பணிச் சபையில் இடமில்லை. திருநாளில் உபயம் செய்ய ஒரு நாளும் இல்லை. சேமக்காலையில் ஒரு குழந்தையைப் புதைக்க எல்லையோரத்தைத்தான் காட்டினார்கள். அதைத் தடுக்க எமக்கு அன்று துணிவு வரவில்லை. இதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

பழைய இஸ்ரயேலில் காணியில்லாத வேற்றாருக்கு 'கேர்' என்று பெயர். கைம்பெண், அநாதை ஆகியோருடன் சேர்த்தே அவர் பேசப்படுவார். வயலின் ஓரத்தை அறுக்காமல் அவர்களுக்கு விடவேண்டும் என்பது சட்டம். எவ்வளவு விடுவது என்று பிற்காலத்தில் யூத அறிஞர்கள் வாதிட்டு, அறுபதில் ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று விதித்தார்கள். அந்தப் பகுதியை அறுத்துக் கொடுப்பதல்ல, விட்டுவிடுவது முக்கியம். எளியவர் கைநீட்டி வாங்காமல், தாமே வந்து அறுத்துக்கொண்டு போவார். நிவாரண வரிசையில் கூப்பன் மட்டையோடு நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

பானையில் வைத்த உறுதி

இனி, அந்தக் குடியிருப்பில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கதை. கிறிஸ்துவுக்கு முன் 587 ஆம் ஆண்டையொட்டிய காலம். எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அவருடைய சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, எங்கள் ஊர் அனத்தோத்தில் உள்ள என் காணியை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உன்னுடையது என்கிறான். அனத்தோத்து எருசலேமுக்கு வடக்கே நடந்து போகக்கூடிய தூரம். எதிரிப்படை சூழ்ந்த நிலத்தை யார் வாங்குவார்? எரேமியா வாங்குகிறார். 17 செக்கேல் வெள்ளி, ஏறக்குறைய 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். உறுதி இரண்டு பிரதி: ஒன்று முத்திரையிட்டது, மற்றது திறந்தது. இரண்டையும் மண்பானையில் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுக்கிறார், நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி.

இப்படி இரட்டைப் பிரதியாக உறுதி எழுதும் வழக்கம் பல நூற்றாண்டு நிலைத்திருந்தது. 1961 இல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு மலைக்குகையை ஆராய்ந்தவர்கள், பபத்தா என்ற யூதப் பெண்ணின் தோற்பையைக் கண்டெடுத்தார்கள். அதில் 35 பத்திரங்கள். பேரீச்சந் தோட்டங்களின் உறுதிகள், திருமண ஒப்பந்தம், தந்தையற்ற மகனின் பராமரிப்புக்காக அவள் தொடுத்த வழக்குகள். உரோமையருக்கு எதிரான போர் மூண்ட 132 ஆம் ஆண்டுக்குப்பின் அவள் குகைக்குள் ஓடி ஒளிந்திருக்கவேண்டும். அதே குகையில் வீட்டுத் திறப்புகளும் கிடைத்தன. திறப்பை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் திரும்பிவர எண்ணியவர்கள். பபத்தா திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு அம்மா எழுந்து கொட்டிலுக்குள் போனார். பொலித்தீன் பையால் சுற்றிய சொப்பிங் பை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். அதைத் திறக்கவில்லை. எமக்குத் தெரிந்தவரை எட்டு இடம் மாறியும் அவர் அதைக் கைவிட்டதில்லை.

"சுவாமி, அந்தக் காணி எரேமியாவுக்குப் பிறகு கிடைச்சதோ?" என்று கேட்டார்.

கிடைக்கவில்லை. அவரைத் தம் மக்களே எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பியதாக விவிலியத்தில் இல்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. இதைச் சொன்னபோது மரத்தடி அமைதியாகிவிட்டது. மேலே சொன்ன அந்த அமைதிதான்.

பின்னர் எஸ்ரா நூலின் 2 ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற அதிகாரம். திருப்பலியில் அதை வாசித்து நாம் கேட்டதில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பெயர்ப்பட்டியல், ஊர் ஊராக, எண்ணிக்கையோடு. அதில் ஒரு வரியில் அனத்தோத்து ஊரார் வருகிறார்கள்: 128 பேர். நெகேமியா நூலின் பட்டியலிலும் அதே 128.

"அப்ப ஆரோ அவையளை எழுதி வைச்சிருக்கினம்" என்றார் தாலிக்கொடி மீட்ட ஐயா.

"எங்கட ஊரில எத்தனை குடும்பம் எண்டு கோவிலில எழுதி வைச்சிருக்கிறீங்களோ, சுவாமி?" என்று கேட்டார் அந்த அம்மா.

பங்கின் குடும்பப் பதிவேடு இடப்பெயர்வில் அழிந்துவிட்டது. அதற்குப்பின் எவரும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு 200 பக்கக் கொப்பி வாங்கிக்கொண்டு போனோம். குடும்பம், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு, உறுதி இருக்கிறதா இல்லையா, இறந்தவர், காணாமற்போனவர், வெளிநாடு போனவர். முதல் நாள் இருட்டும்வரை எழுதியும் 19 குடும்பம்தான் முடிந்தது. வடக்கு எல்லை எது என்று இரு சகோதரர் அரைமணி நேரம் வாக்குவாதப்பட்டார்கள். பூவரசங்கதியாலா, பனையா என்று.